காசில்லாமல் இரண்டு பேர் இந்த ஊரில் எப்படிச் சந்தோஷமாக இருப்பது?

7 ஜனவரி 2018, மாலை 4.10 (கேள்வி)

கல்யாணமாகி எட்டு மாதம். மௌல்மேனிலிருந்து யாங்கோன் (ரங்கூன்) வந்து வாடகைக்கு இருக்கிறோம். இவர் வேலை முடிந்து வர இரவு எட்டாகிவிடும். வந்ததும் சாப்பாடு, போன், தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் சிட்டி மால் பக்கம் போனால் ஏசியில் நடக்கலாம், ஆனால் வெறுங்கையோடு எத்தனை தடவை நடப்பது? பேசவும் இப்போது பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. கையில் காசு புரளாவிட்டால் இந்த ஊரில் இரண்டு பேர் சந்தோஷமாக இருக்கவே முடியாது என்று முடிவு செய்துவிட்டேன். இல்லை என்பவர்கள் எப்படி என்று சொல்லுங்கள்.

8 ஜனவரி 2018, இரவு 9.20

இல்லை என்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. அவர் மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார், நான் வீட்டிலேயே தையல், அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். இடம் அனோரதா சாலைக்குத் தெற்கே ஒரு தெரு, ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 104 படி.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான், புதிதாக வந்த உங்களுக்காக எழுதுகிறேன். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். எங்களுடையது பச்சை நைலான். மேல்முனை கம்பியில் கட்டியிருக்கும், அதை ஒட்டி ஒரு சின்னப் பித்தளை மணி. கீழ்முனையில் காகிதக் கட்டைக் கவ்வுகிற இரும்புக் கிளிப், தெருவில் நிற்பவரின் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கும். பேப்பர் போடுகிறவர் பேப்பரைக் கவ்வவிட்டு ஒரு இழுப்பு இழுப்பார், மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்ள வேண்டியது. மொஹிங்கா நூடுல்ஸ் வேண்டுமானால் பையில் காசை வைத்து இறக்கினால் கிண்ணம் மேலே வரும்.

அவர் சாயங்காலம் ஏழு ஏழேகாலுக்குத் தெரு முனையில் திரும்புவார். நேராக மாடி ஏற மாட்டார். கிளிப்பில் ஏதாவது ஒன்றை மாட்டிவிட்டு இரண்டு இழுப்பு இழுப்பார். பேப்பருக்கு ஒன்று, அவருக்கு இரண்டு. மணி கேட்டதும் நான் தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடி இழுக்க ஆரம்பிப்பேன், அவர் படி ஏற ஆரம்பிப்பார். பொட்டலம் முதலில் வீட்டுக்குள் வருமா, அவர் முதலில் வருவாரா என்று தினமும் போட்டி. அவர் கதவைத் திறக்கும்போது சுரைக்காய் பஜ்ஜி தட்டில் இருந்தால் நான் ஜெயித்தேன். இன்னும் பொட்டலம் பிரிக்காமல் கையில் இருந்தால் அவர் ஜெயித்தார். தோற்றவர் ராத்திரிப் பாத்திரம் துலக்க வேண்டும்.

இதில் பஜ்ஜி 500 கியாட், மல்லிகைச் சரம் 200 கியாட். ஒன்றும் வாங்காத நாட்களும் உண்டு. போன மாதக் கடைசியில் ஒரு நாள் இழுத்துப் பார்த்தால் கிளிப்பில் கணக்குத் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்: “இன்று ஒன்றும் இல்லை, சம்பளம் நாளை, ஓடி வருகிறேன்.” அதைத் தையல் பெட்டியில் பொத்தான்களோடு வைத்திருக்கிறேன். அந்த ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு என்ன காசு செலவானது என்று நீங்களே சொல்லுங்கள்.

8 ஜனவரி 2018, இரவு 10.05

அவர் படித்துவிட்டுச் சொல்கிறார், 104 இல்லை, 98 படி. தினமும் ஏறுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

9 ஜனவரி 2018, மதியம் 1.30

மாமியார் வீட்டில் இருக்கும்போது இப்படியெல்லாம் விளையாட முடியுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆறேழு நாள் மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அத்தையே ஒரு நாள் சொன்னார்: “உங்க மாமாவும் இப்படித்தான், அப்போ கிளிப் எல்லாம் ஏது, கூடைதான்.” காலையில் அத்தை கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் சாயங்காலம் காலியாகக் கூடையில் ஏறி வருமாம். அடியடுக்கை மட்டும் மாமா கழுவித் துடைத்து அதற்குள் பூ வைத்திருப்பாராம். “மேலே ரெண்டு அடுக்கும் புளிக்குழம்பு வாடை, அடியிலே மல்லிகை வாடை” என்று சொல்லும்போது அத்தையின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மாமா காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது.

அப்போது வீட்டில் போன் கிடையாது. கைபேசி சிம்மே 2014இல்தான் 1,500 கியாட்டுக்கு வந்தது, அதற்கு முன் அது நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற பொருளா? வாசலில் யார் வந்தாலும் கயிற்று மணிதான். அதனால் யாருடைய இழுப்பு எது என்று அத்தைக்குக் காது பழகியிருக்கிறது. இப்போதும் “பேப்பர்”, “பால்”, “உன் வீட்டுக்காரர்” என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார், ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

21 ஜனவரி 2018, இரவு 8.45

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, இன்று டலா போய் வந்தோம். பன்சோடான் படித்துறையில் படகு ஏறினால் பத்து நிமிடத்துக்குள் அக்கரை. நமக்கு 100 கியாட்தான். குளிர்காலமாக இருப்பதால் ஆற்றில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கின்றன, இந்த மாதங்களில் மட்டும்தான் பார்க்கலாம். படகில் அதற்கென்றே பொரி மாதிரித் தீனி விற்கிறார்கள். அவர் கையை நீட்டிப் பிடித்தார், ஒரு பறவை விரலைத் தொடாமல் தீனியை மட்டும் கொத்திக்கொண்டு போனது. நான் நீட்டியபோது பயந்து கையை இழுத்துக்கொண்டேன். பிறகு அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அப்போது வந்து கொத்தியது. சிறகுக் காற்று முகத்தில் அடித்தது, மீன் வாடை.

இறங்காமல் அதே படகில் திரும்பினோம், அப்புறம் இன்னொரு தடவை போனோம்.

1 பிப்ரவரி 2018, காலை 11.00

நேற்றுத் தைப்பூசமும் சந்திர கிரகணமும் ஒரே நாளில் வந்தன. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம், கிரகணத்தால் பூசையைச் சீக்கிரமே முடித்து நடை சாத்திவிட்டார்கள். ஆறேகாலுக்கு மேல் பிடிக்கிறது, விடும்வரை யாரும் ஒன்றும் சாப்பிடக் கூடாது, அதற்குள் வீட்டுக்குள் வந்த பண்டத்தில் தர்ப்பை போட்டு வைத்தால் பிறகு சாப்பிடலாம் என்பது அத்தையின் ஏற்பாடு. அவரோ கடையில் மாட்டிக்கொண்டார். ஆறு பத்துக்கு மணி இரண்டு தடவை அடித்தது! நான் இழுத்த வேகத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. உள்ளே வாழைப்பழமும் சமூசாவும். அத்தை வாசற்கதவைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு தர்ப்பையோடு நின்றார். “பண்டம் வந்துவிட்டது, ஆள் வரவில்லையே” என்றேன். “ஆளைத் தின்னப்போறியா?” என்றார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவர் கதவருகே மூச்சு வாங்க நின்றுகொண்டு சிரித்தார்.

எங்கள் பால்கனி கிழக்கே பார்த்தது. ஏழு இருபது வாக்கில் நிலா முழுதும் மறைந்து செம்பு நிறமாகிவிட்டது, எட்டரைவரை அப்படியே இருந்தது. பசி வயிற்றைக் கிள்ள அந்தச் சிவப்பு நிலாவைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். எதிர் மாடிக்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள். அத்தை உள்ளேயிருந்து “இன்னும் விடலையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

11 பிப்ரவரி 2018, இரவு 9.15

இன்று காலை டீக்கடை. கேள்வி கேட்ட சகோதரிக்காக இதையும் எழுதிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஏசி கட்டடத்தில் நடப்பதைவிட இது எவ்வளவோ மேல். முழங்கால் உயரத்து பிளாஸ்டிக் முக்காலி, மேசையில் கேட்காமலே வைக்கிற வெறும் பச்சைத் தேநீர் பிளாஸ்க், எத்தனை தடவை ஊற்றிக் குடித்தாலும் காசு கிடையாது. பால் டீக்கு எத்தனை பெயர் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு ச்சோ செய்ன், இனிப்பும் பாலும் தூக்கலாக. எனக்கு ப்போ ஜா, இனிப்புக் குறைவு, சாயம் தூக்கல். கல்யாணமான புதிதில் அவர் தனக்கு வேண்டியதையே எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார், நானும் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் குடித்தேன். ஒரு நாள் தாங்காமல் சொன்னேன். இப்போது ஆளுக்கொன்று வாங்கிப் பாதி குடித்ததும் கோப்பையை மாற்றிக்கொள்கிறோம். முதல் பாதி நம் ருசி, அடுத்த பாதி அவருடையது. அந்தத் தித்திப்பு இப்போது எனக்குப் பழகிவிட்டது. ஞாயிறு மட்டும்.

இங்கே தோசைக்கு தோஷே என்று பெயர். நம் தோசைதான் பர்மிய வாயில் அப்படி ஆகியிருக்கிறது. ஆனால் பர்மியில் ‘தோ’ என்றால் குட்டை, ‘ஷே’ என்றால் நீளம். அவர் ஆறடி, நான் ஐந்தடிக்கும் குறைவு. டீக்கடைப் பையன் தட்டை வைக்கும்போதெல்லாம் எங்களைப் பார்த்து, “தோ–ஷே வந்தாச்சு” என்று சத்தமாகச் சொல்லுவான், இன்றும் சொன்னான். வீட்டில் அத்தை இருக்கும்போது நான் அவரை “ஏங்க” என்றுதான் கூப்பிடுவேன், வெளியில் ஊரார் கூப்பிடுகிற மாதிரி “கோ கோ”. யாரும் இல்லாதபோது ஷே. அவர் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று நான் எழுதத் தேவையில்லை.

4 மார்ச் 2018, இரவு 10.30

வட்ட ரயிலில் போய் வந்தோம். ஊரைச் சுற்றி 46 கிலோமீட்டர், 39 நிலையம், ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம், சீட்டு 200 கியாட். ஏறிய இடத்திலேயே இறங்குவதற்கு எதற்கு ரயில் என்று அத்தை கேட்டார், அவரை அடுத்த தடவை கட்டாயம் கூட்டிப்போக வேண்டும்.

நடு ஊரிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கட்டடங்கள் குறைந்து, இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கஸூன் கீரைப் பாத்தி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுக்கிறவர்கள். டன்யின்கோன் நிலையத்தில் வண்டி நின்றதும் சன்னல் வழியாகவே கீரைக்கட்டு, முள்ளங்கிக்கட்டு, கோஸ் மூட்டை எல்லாம் உள்ளே விழுகின்றன, பின்னாலேயே வியாபாரிப் பெண்கள் ஏறிக் கால் வைக்க இடமில்லாமல் அடுக்கிவிடுகிறார்கள். வண்டி நகர ஆரம்பித்ததும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கட்டைப் பிரித்துச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டத் தொடங்குகிறார்கள், இறங்கிய இடத்திலேயே விற்கத் தோதாக. ஒரு அம்மா எனக்கும் ஒரு நாரைக் கொடுத்துக் கட்டச் சொன்னார், நாலைந்து கட்டினேன். இறங்கும்போது ஒரு கட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அது எனக்கு ஜனவரியிலிருந்தே மனதில் இருக்கிறது. இன்றைக்கு அந்த மூன்று மணி நேரத்தில் நாங்கள் பேசியதை எண்ணினால் இருபது வாக்கியம் தேறாது. “அடுத்த ஸ்டேஷனில் காடை முட்டை ஏறும்” என்பார். நான் ஆரஞ்சு ஏறும் என்பேன். வெற்றிலைக்காரர் ஏறுவார். சிரிப்போம். திரும்பி வருகிற வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆறு நாள் எண்களையே பார்க்கிற கண். தோள் மரத்துப்போயும் நான் அசையவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பர்மிய அம்மா தன் துண்டை மடித்து அவர் தலைக்கும் என் தோளுக்கும் நடுவில் வைத்தார். நல்ல பேச்சு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லைதான், ஆனாலும் வீடு வந்து சேர்ந்தபோது நிறையப் பேசி முடித்த மாதிரி இருந்தது.

5 மார்ச் 2018, காலை 7.10

அந்தக் கீரையை அத்தை பூண்டு போட்டு வதக்கினார்.

15 ஏப்ரல் 2018, மாலை 5.30

திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவின் மூன்றாம் நாள், தெருவில் நடக்கிறவர்கள் எல்லோர் மேலும் தண்ணீர். நேற்று நமக்கும் சித்திரை முதல் நாள், மாங்காய்ப் பச்சடி வைத்தோம்.

இரண்டு நாளைக்கு முன் ராத்திரி மழை பெய்தது. விடிந்து பார்த்தால் தெரு முனை படாக் மரம் உச்சியிலிருந்து அடிவரை மஞ்சள். இது ஒரே ஒரு நாள் மரம், காலையில் பூத்தால் மறுநாள் தரையெல்லாம் பூ. ஊரே கொத்துக் கொத்தாகப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறது. இந்தப் படாக்தான் நம் சங்கப் பாட்டில் வருகிற வேங்கை. வேங்கை பூத்தால் கல்யாண நாள் பார்க்கிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பூப் பறிக்கிற பெண்கள் மரத்தடியில் நின்று “புலி! புலி!” என்று கூவுவார்களாம், வேங்கை என்பது புலிக்கும் பெயராயிற்றே. கோயில் தமிழ் வகுப்பில் வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். மரத்தடிக்குப் போனதும், தெருவில் அத்தனை பேர் நிற்க, அண்ணாந்து பார்த்து “புலி! புலி!” என்று கத்தினாரே பார்க்க வேண்டும்! பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு என்ன ஏதென்று தெரியாமலே அவர்களும் “புலி! புலி!” என்றார்கள். அந்தக் கூச்சலோடு ஒரு வாளித் தண்ணீரும் எங்கள் மேல் விழுந்தது.

கொத்தை என் கையில் தராமல் கிளிப்பில் மாட்டிவிட்டு, “நீ மேலே போய் இழு” என்றார். நனைந்த துணியோடு 98 படி ஏறி இழுத்தேன்.

16 ஏப்ரல் 2018, காலை 9.00

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். படாக்கும் வேங்கையும் ஒரே மரம் இல்லை. ஒரே இனத்தில் பிறந்த இரண்டு, அக்கா தங்கை மாதிரி. தமிழ்நாட்டு மலையில் இருப்பது வேறு, இங்கே இருப்பது வேறு. பூ இரண்டுக்கும் மஞ்சள். தெரியாமல் ஒன்றாக்கி எழுதிவிட்டேன், ஆனால் புலி என்று கூவியதைத் திரும்பப் பெறப்போவதில்லை.

10 ஜூன் 2018, மதியம் 3.00

இரண்டு மாதமாக எழுதவில்லை. ஜனவரியில் எழுதியதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் வந்தேன்.

மே 24, நல்ல மழை. அவர் மாட்டிய பொட்டலம் நாலாவது மாடி உயரத்தில் பிய்ந்து கீழ்க்கடைத் தார்ப்பாய் மேல் விழுந்தது. சமூசா சாலட், புளித்தண்ணீர் எல்லாம் தார்ப்பாயில் வழிந்தது. கடைக்காரர் சத்தம் போட்டார். அவர் மேலே வந்ததும், “ஈரக் காகிதத்தில் யாராவது கட்டுவார்களா?” என்றேன். “நிதானமாக இழுத்திருக்கலாமே” என்றார். இவ்வளவுதான், ஆனால் அன்றைக்கு நான் காத்திருந்தது வேறு ஒன்றுக்காக. மத்தியானம் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் பணம் அனுப்பிய ரசீது இருந்தது. தாட்டோனில் இருக்கும் அவர் தம்பிக்கு 1,50,000 கியாட். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவாம், கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். ‘சம்பளம் நாளை’ என்று சீட்டு எழுதி அனுப்புகிற மனுஷர் இதை ஏன் மறைத்தார் என்பதுதான் தாங்கவில்லை. சாலட்டில் ஆரம்பித்த பேச்சு எங்கேயோ போய் நின்றது. அத்தை காதில் விழக் கூடாதே என்று இரண்டு பேரும் குரலை அடக்கிச் சண்டை போட்டோம், அது சத்தமாகப் போட்ட சண்டையைவிட மோசம்.

அடுத்த நாளிலிருந்து மணி அடிக்கவில்லை. ஏழேகாலுக்குச் செருப்புச் சத்தம் மட்டும் படியில் கேட்கும். பத்து நாள். பேசாமல் இல்லை, “சோறு போடவா?”, “குடை எங்கே?” எல்லாம் பேசினோம். அத்தை எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் பால்கனி மணியைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கட்டும்போது, “களிம்பு ஏறியிருந்தது” என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. எனக்கும் ஒன்று இருந்தது. போன வருடம் தீபாவளியிலிருந்து ஒரு சீட்டில் மாதம் 20,000 கியாட் கட்டி வருகிறேன், தையல் காசில். அவருக்குத் தெரியாது. எடுத்ததும் அவருக்கு ஒரு மோதிரம் வாங்கிக் காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் மறைத்தேன், ஆனால் மறைத்தது மறைத்ததுதானே? அவர் ரசீதைப் பிடித்துக்கொண்டு நியாயம் பேசியபோது என் சீட்டுப் புத்தகம் தையல் பெட்டி அடியில் கிடந்தது, அவர் எழுதிய அந்தத் துண்டுச் சீட்டுக்குக் கீழேயே.

ஜூன் 4, திங்கள். சாயங்காலம் பேய்மழை. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தெரு முனையில் திரும்பியதும் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து, அதில் புதுப் பக்கத்தில் சீட்டுக் கணக்கை மாதம் மாதமாக எழுதியிருந்தேன், அதோடு ஒரு பேனாவையும் வைத்து இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் கிளிப்பில் மாட்டி இறக்கினேன். இந்தக் கயிற்றில் அவருக்காக என்று மேலேயிருந்து ஒன்று கீழே போனது அதுதான் முதல் தடவை. அவர் கயிற்றைத் தாண்டிப் படிக்குப் போயிருப்பார், முகத்துக்கு நேரே பை வந்து நின்றதால் நின்றார். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கிப் பையைப் பிரித்தார். மேலேயிருந்து பார்த்தால் தார்ப்பாயும் அவர் முழங்கால்களும்தான் தெரிந்தன. ஜூன் மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல முடியாது, என் புடவை முந்தானை முழுக்க நனைந்துவிட்டது.

மணி இரண்டு தடவை அடித்தது.

இழுத்தேன், மெதுவாக. என் கணக்குக்குக் கீழே அவருடைய கடை எழுத்தில், குண்டு குண்டாக: தம்பிக்கு ஜனவரியில் 50,000, மே மாதம் 1,50,000, இன்னும் இரண்டு தடவை கேட்பான், கொடுப்போமா? ‘கொடுப்போமா’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனா மை மழைத்துளியில் கலங்கியிருந்தது.

அவர் வந்து சேரும்போது நான் இன்னும் பையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று அவர் ஜெயித்தார். பாத்திரத்தை இரண்டு பேரும் துலக்கினோம்.

10 ஜூன் 2018, மாலை 6.20

காசு ஒரு பொருட்டே இல்லை என்கிற மாதிரி ஜனவரியில் எழுதினேன், அது சரியில்லை. காசு குறைவாக இருந்த நாட்களில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கே போகிறது என்று ஒருவருக்குத் தெரியாமல் போனபோதுதான் பத்து நாள் மணி அடிக்கவில்லை. சகோதரி, நீங்கள் கேட்டபோது உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அதைக் கேட்காமல் பஜ்ஜி விலையை எழுதிக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் டீக்கடைக்கு அந்த நோட்டும் வருகிறது. கோப்பையை மாற்றிக்கொள்வதற்கு முன் கணக்கு, மாற்றிய பிறகு கணக்குப் பேச்சு கிடையாது. இது அவர் போட்ட சட்டம்.

24 ஜூன் 2018, இரவு 9.00

சீட்டுக் காசில் மோதிரம் வேண்டாம் என்கிறார். அத்தையைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் தாட்டோன் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார். நான் இன்னும் மோதிரப் பக்கம்தான் நிற்கிறேன். அத்தை என் பக்கம்.

8 ஜூலை 2018, காலை 10.40

நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் அவரிடம் ஓடிப் போய்க் காட்டினேன். வீடு மாற்றி இரண்டாவது மாடிக்கு வந்திருக்கிறீர்கள், பால்கனி இருக்கிறது, கயிறு என்ன மாதிரி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற எதையும் நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது மாடிக்கு முப்பது அடி போதும், நாற்பதாக வாங்குங்கள், முடிச்சுக்கே நிறையப் போய்விடும். சணல் வேண்டாம், இந்த மழையில் மக்கிவிடும். இங்கே ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் ஐந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், நைலான்தான் தாங்கும், சுண்டுவிரலில் பாதி கனம் இருந்தால் உள்ளங்கையை அறுக்காது. கிளிப் பெரியதாக, கைப்பிடி இரண்டும் கம்பியாக இருக்கிற வகை. மழைக்காலம் முடிந்ததும் துரு ஏறியிருக்கும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். மணி தெய்ஞ்சி ஜே சந்தையில் பூசைச் சாமான் கடைகளில் கிடைக்கும், ஆட்டிப் பார்த்து வாங்குங்கள், சிலதுக்கு நாக்கு சின்னதாக இருக்கும், அடுப்படிவரை கேட்காது. கயிற்றின் மேல்முனையை மணியில் நேராகக் கட்டாதீர்கள், கனமான பொட்டலம் வந்தால் மணியோடு பிய்த்துக்கொண்டு போகும். கம்பியில் கட்டிவிட்டு அங்கிருந்து ஒரு தனி நூலை மணிக்குக் கொடுங்கள், எங்கள் வீட்டில் மாமா கட்டிய விதம் அதுதான், அந்த நூலை மட்டும் அத்தை வருடா வருடம் மாற்றுகிறார்.

எத்தனை இழுப்பு என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர்காரர் ஒன்றை எடுத்துக்கொள்வார்.